லினக்ஸக்காவின் மாறுதல் மனு

அந்தக் குடிநீர் வாரிய அலுவலகத்தில் அவளுக்கு லினக்ஸக்கா என்று பெயர். வேலை என்னவோ கிளார்க் வேலைதான். ஆறு வருஷத்துக்கு முன்னால் பதினொரு பழைய கம்ப்யூட்டர்களைக் காயலான் கடைக்குப் போட இருந்தார்கள். புது சிஸ்டம் அவற்றில் ஓடாதாம். இவள் சும்மா இருந்திருக்கலாம். இருந்தாளா? லினக்ஸ் என்கிற இலவச சிஸ்டத்தை ஒரு பென் டிரைவில் இறக்கிவந்து, ஒரே விடுமுறையில் பதினொன்றிலும் ஏற்றிவிட்டாள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், ஏன் என்று கேட்க ஆளில்லை. சந்தோஷத்தில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

அங்கேதான் ஒரு தப்புப் பண்ணினாள். எல்லோரும் முணுமுணுப்பார்களே என்று பயந்து, திரையைப் பழையது மாதிரியே ஜோடித்துவிட்டாள். அதே நீலம், அதே மூலையில் அதே பட்டன். யாரும் எதையும் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. கற்றுக்கொள்ளவும் இல்லை. எது மக்கர் பண்ணினாலும் லினக்ஸக்காவைக் கூப்பிடு. சொல்லித்தருகிறேன் என்று உட்காரவைத்தால் டீ குடிக்க எழுந்துபோவார்கள், மகராசன்கள். அவள் எழுதிவைத்த நாற்பது பக்கக் குறிப்பு, காற்றில் அடித்துக்கொள்ளும் கதவுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

கணவனும் மகளும் ஆறு மணி நேரப் பயணத்தில் வேறொரு ஊரில். மகளுக்கு இது பத்தாம் வகுப்பு. மூன்றாவது தடவையாக மாறுதல் கேட்டு மனுப் போட்டிருந்தாள்.

"எப்பம்மா வர்ற?" என்று காலையில்கூட மகள் போனில் கேட்டாள்.

"இந்தத் தடவை கண்டிப்பா கிடைச்சிடும்டி."

மூன்று மணிக்கு மேலாளர் கூப்பிட்டனுப்பினார். மாறுதல் விஷயம்தான் என்று வேகமாகப் போனாள். அவர் பிரிண்டரைக் காட்டினார்.

"அவசரமா ஒரு லெட்டர் போகணும்மா. பிரிண்டே வரமாட்டேங்குது."

"பாக்கறேன் சார்."

கறுப்புத் திரையைத் திறந்து இரண்டு வரிக் கட்டளை தட்டினாள். சிக்கிக்கிடந்ததெல்லாம் விலகி, தாள் வெளியே வந்தது. எழுத்து சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பது அவள் பழக்கம். பார்த்தாள். மேலே அவள் பெயர் இருந்தது. 'கணினிகளைப் பராமரிக்க வேறு ஆள் இல்லாததால் இவரை விடுவிக்க இயலாது.'

அந்த வரியை இன்னொரு தடவை படித்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா," என்றார் அவர், பேனாவைத் திறந்தபடி. "உங்களப் பத்தி உசத்தியாதான் எழுதியிருக்கேன்."

அவள் தாளை அவர் முன்னால் வைத்தாள்.

"ஃபைலுக்கு இன்னொரு காப்பி எடுத்துடுங்க."

எடுத்துக்கொடுத்தாள்.