அடுத்த மாடலில் வரவேண்டியவை

மூடியைக் கழற்றிப் பார்க்காத எந்தப் பெட்டியையும் தனராஜ் நம்ப மாட்டார். சிங்கப்பூர் மைத்துனன் சர்ச் சபைக்குக் கொடுத்த, ஞாயிறு ஆராதனையில் இவரே வாசிக்கிற ஜப்பான் சிந்தசைசர் என்ற மின்சார இசைப்பெட்டியையும் சனிக்கிழமைதோறும் கழற்றுவார், ஊதுவார், முகர்ந்துகூடப் பார்ப்பார், மறுபடி மூடுவார். ஒரு திருகு எப்போதும் மிச்சமாகும். "இது அவன் சும்மா வெச்சது" என்று அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார்.

சித்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் அவருக்கு ரேடியோ ரிப்பேர் கடை. பழுதுக்கு வந்த ரேடியோக்கள் அலமாரியில் காத்திருக்க, முதலாளி ஜப்பான் கம்பெனிக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருப்பார். தலைப்பு, 'அடுத்த மாடலில் வரவேண்டியவை'. எண்பத்துமூன்றாம் வருஷம் முடிவதற்குள் பதினெட்டு விஷயங்கள் சேர்ந்துவிட்டன. வெயிலில் சுருதி அலையக்கூடாது. எறும்பு புகாத மூடி வேண்டும். நாலு கட்டைக்கு மேல் சேர்த்து அழுத்தினால் பேசமாட்டேன் என்கிற கஞ்சத்தனம் ஒழிய வேண்டும்.

"அவன் குளிர்ல உக்காந்துகினு செய்றான். சித்தூர் மே மாசம் அவனுக்கு இன்னா தெரியும்? நாமதான் சொல்லணும்" என்பார். கடிதத்தைத் திருப்பதிக்குப் போய்த்தான் தபாலில் போடுவார். சித்தூர்த் தபால் பெட்டியிலிருந்து ஜப்பான் ரொம்பத் தூரம் என்பது அவர் எண்ணம். பதில் வந்ததே இல்லை. "செஞ்சிகினு இருப்பான், எழுத நேரம் ஏது?"

பாடுகிறவர் சுருதிக்குப் பெட்டி வளைந்து வரவேண்டும் என்ற பத்தொன்பதாவது விஷயம்தான் அவர் மானத்தைத் தொட்டது. சபையில் கீர்த்தனையைத் தொடங்குவது முப்பது வருஷமாகத் தபீதாள் டீச்சர். யாரிடமும் சுருதி கேட்கமாட்டார். அவர் தொடங்கும் இடமோ இரண்டு கட்டைகளுக்கு நடுவில் இருக்கும். டீச்சர் ஒரு பக்கம், பெட்டி ஒரு பக்கம் என்று நாலு வாரம் ஓடியது. சபைச் செயலாளர் சத்தியநாதன் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "அறுப்பின் பண்டிகை வரைக்கும் பாக்கறேன். அன்னிக்கும் சேரலேன்னா பொட்டி பீரோவுக்குள்ள பூடும், ஆர்மோனியம் வெளிய வரும்."

தனராஜோ வாரம் முழுக்க அடுத்தவன் ரேடியோவைத் தட்டுகிறவர், அந்தப் பெட்டி முன் உட்கார்ந்தால்தான் ஒரு ஆளாகத் தெரிந்தார்.

ஆகவே, முழங்கால். இரண்டு கையும் வாசிக்கும்போது சும்மா இருப்பது அதுதானே? மனைவி கிருபாபாயின் தையல் மெஷினிலிருந்து ஒரு கம்பி, பழைய ரேடியோவில் முள்ளை நகர்த்தும் நூல், இரண்டையும் கொண்டு முழங்காலைப் பெட்டியின் சுருதிக் குமிழோடு பிணைத்தார். முழங்காலை வலப்பக்கம் தள்ளினால் சுருதி ஏறும், இடப்பக்கம் தள்ளினால் இறங்கும். "ஜப்பான்காரனுக்கு எழுதறப்போ எனக்கும் ஒரு மெஷின் கேளு" என்றாள் கிருபாபாய்.

பண்டிகையன்று, பூசணிக்காய்களுக்கும் கரும்புக்கும் நடுவே டீச்சர் தொடங்கினார். முழங்கால் தேடிப் பிடித்துவிட்டது. முதல் சரணம் தேன். இரண்டாவதில் டீச்சர் இம்மியளவு இறங்கினார், முழங்காலும் இறங்கியது. பெட்டி இறங்குகிறதே என்று டீச்சர் மரியாதைக்கு இன்னும் கொஞ்சம் இறங்கினார். நாலாம் சரணத்தில் ஆண்கள் கிணற்றுக்குள்ளிருந்து முனகினார்கள். பெண்கள் வாயை மட்டும் அசைத்தார்கள்.

சத்தியநாதன் பீரோ சாவியோடு எழுந்து வந்தார்.

"பொட்டி எறங்கிகினே போச்சு, நானும் கூடவே போனேன்" என்றார் டீச்சர்.

"நீங்க எறங்கறீங்கன்னுதான் டீச்சர் நான் எறங்கினேன்."

டீச்சர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் யாரும் அவர் பின்னால் அவ்வளவு தூரம் போனதில்லை. "சரே. அடுத்த பாட்டுக்கு நீ மொதல்ல சுருதி குடு. குடுத்துட்டு நகராத."

சத்தியநாதன் சாவியைப் பைக்குள் போட்டார். கையை வெளியே எடுக்கவில்லை.

டீச்சர் பாட்டுப் புத்தகத்தை மூடிவிட்டு, பெட்டிப் பக்கம் திரும்பிச் சுருதிக்காகக் காத்து நின்றார். தனராஜ் தோள் துண்டை எடுத்து, குனிந்து, முழங்காலை நாற்காலிக் காலோடு சேர்த்து இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டினார். பிறகு கட்டையை அழுத்தினார்.