அறையைத் தாண்டிய பேச்சு

கறார் அக்காவுக்குப் பிறவியிலேயே மூக்குக்கு மேல் கோபம். "இவளை யார் தலையில கட்டுறது" என்று அவளுடைய அம்மா வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒரு பேருந்து ஓட்டுநர் கட்டிக்கொண்டார். நாள் முழுக்க ஹாரன் கேட்கிற காதுக்கு இவள் போடும் சத்தமெல்லாம் எம்மாத்திரம் என்பார் அவர். இப்படிப்பட்டவள் மனநல ஆலோசகராகப் படித்துத் தேறி, ஊரார் அழுகையைப் பொறுமையாக உட்கார்ந்து கேட்கிறாள் என்றபோது உறவுக்காரர்கள் யாரும் நம்பவில்லை.

மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அவள் வேலை பார்த்த ஆலோசனை மையம். 'கறார்' என்ற பட்டம் அங்கே கிடைத்ததுதான். வருகிறவர்களிடம் ஒரு பூங்கொத்துகூட வாங்க மாட்டாள். நேரம் முடிந்தால் எழுந்துவிடுவாள். அறைக்குள் பேசியது அறையைத் தாண்டாது. தாலி கட்டியவர் காதுக்கே போகாது. வீட்டில் பாத்திரம் அதிகமாகச் சத்தம் போட்டால், "இன்னிக்கு எவனோ வசமா மாட்டியிருக்கான்" என்பதோடு அவர் நிறுத்திக்கொள்வார்.

தையல்காரம்மா வந்த அன்று வீட்டில் ஒரு குக்கர் மூடி நசுங்கியது.

பள்ளிச் சீருடை தைக்கிறவள் அவள். நடுத்தர வயது. விரல் நுனியெல்லாம் ஊசி குத்திக் காய்த்திருந்தது. அறைக்குள் வந்தவள் நாற்காலிப் பக்கத்திலேயே நின்றாள்.

"உக்காரலாங்களா, மேடம்?"

"தாராளமா."

மேசையில் இருந்த தண்ணீரைப் பார்த்தாள். "குடிக்கலாங்களா?"

இப்படி ஒவ்வொன்றுக்கும் உத்தரவு கேட்கிறவர்களை அக்கா முன்பும் பார்த்திருக்கிறாள். யாரோ சொல்லிக் கொடுத்துத்தான் இந்தப் பழக்கம் வரும்.

சொல்லிக் கொடுத்தவர் ஒரு தியான மன்றத்தின் தலைவர். எல்லோரும் அவரை 'அப்பா' என்பார்கள். கணவன் விட்டுப் போன பிறகு தையல்காரம்மா மகனோடு அங்கே போய்ச் சேர்ந்தாள். முதலில் ஆறுதல் கிடைத்தது. பிறகு யாரோடு பேசலாம், எந்தக் கலியாணத்துக்குப் போகலாம் என்பதையெல்லாம் அப்பாதான் சொன்னார். பையனுக்கு வலிப்பு உண்டு. மாத்திரை போட்டால் வராது. மாத்திரை போடுவது அவநம்பிக்கை, நிறுத்து என்றார் அப்பா. நிறுத்தினாள். பையன் குளியலறையில் வலிப்பு வந்து விழுந்தான். கதவை உடைத்துத் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"அதுக்கப்புறம் மன்றத்துல என்னை மேடையில ஏத்தினாங்க. என் மனசுல சந்தேகம் இருந்துச்சு, அதான் பையனைக் கொன்னுடுச்சுன்னு என் வாயாலயே சொல்லச் சொன்னாங்க. சொன்னேன். எல்லாரும் கை தட்டினாங்க, மேடம்."

அழாமல்தான் சொன்னாள். துணியின் அளவைச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

அக்காவுக்கு உச்சந்தலை கொதித்தது. அந்த ஆளை நடுத்தெருவில் நிறுத்தி நாலு கேள்வி கேட்க வேண்டும் போலிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். அடுத்தடுத்த வாரங்களிலும் அப்படித்தான் கேட்டாள். ஒரு நாள் மட்டும் வாய் நழுவிவிட்டது.

"போலீஸ்ல புகார் கொடுக்கலாமேன்னு உங்களுக்குத் தோணியிருக்கா?"

"கொடுக்கணுங்களா, மேடம்? இப்பவே போறேன்." பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டாள். முகத்தில் பயமும் இல்லை, விருப்பமும் இல்லை.

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எஜமான் மாறியிருக்கிறார், அவ்வளவுதான். 'அப்பா' இருந்த இடத்தில் இப்போது 'மேடம்'.

"போக வேணாம். நான் அதைக் கேட்டதே தப்பு. அது என் கோபம், உங்களோடது இல்ல. உக்காருங்க." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். "உக்காரணும்னு உங்களுக்குத் தோணினா உக்காருங்க."

தையல்காரம்மா யோசித்தாள். ரொம்ப நேரம் யோசித்தாள். பிறகு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள். "இன்னிக்கு நின்னுக்கறேன்," என்றாள். அந்த மாடியில் அக்கா கேட்ட மிக நல்ல பதில்களில் அது ஒன்று.

அதற்கடுத்த வாரம் தையல்காரம்மா வியர்த்து விறுவிறுத்து வந்தாள். மன்றத்துப் பெண்கள் இருவர் கீழே கண்ணாடிக் கடை வாசலில் நின்றிருந்தார்களாம். 'அப்பா உன்னை மன்னிச்சுட்டார், வா' என்று கையைப் பிடித்தார்களாம்.

"நான் இங்க வர்றது என் தங்கச்சிக்குக்கூடத் தெரியாது, மேடம். அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அக்காவுக்கும் தெரியவில்லை. பின்வாசல் வழியாக அவளை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு நிர்வாகியின் அறைக்குப் போனாள். யார், எங்கிருந்து, எதற்காக வருகிறார்கள் என்ற பதிவு விவரம் அவளைத் தவிர அவருக்குத்தான் தெரியும்.

நிர்வாகி சாந்த சொரூபி. யாரிடமும் குரல் உயர்த்தியதில்லை.

"நான்தான் சொன்னேன், மேடம்," என்றார் தேன் ஒழுக. "மன்றத்துப் பெரியவரை எனக்கு நல்லாத் தெரியும். அந்தம்மா மேல அவருக்கு ரொம்ப அக்கறை. ரெண்டு பேரையும் இங்கயே உக்கார வச்சு, மனசு விட்டுப் பேச வச்சா சுமுகமா முடிஞ்சிடும். நல்ல எண்ணத்துலதான்."

"யாரைக் கேட்டு சொன்னீங்க?"

"அவங்க தரப்பையும் கேக்கணும் இல்லையா?"

"வீட்டுக்குத் தீ வச்சவனைக் கூப்பிட்டு, தீக்காயத்துக்கு மருந்து போடச் சொல்வீங்களா, சார்?" அக்காவின் குரல் மாடிப்படி வரை கேட்டது. "பிள்ளையைப் பறிகொடுத்தவ சார் அவ. எங்கயும் வாயைத் திறக்க முடியாம இங்க வந்து திறந்தா. அதைக் கொண்டுபோய் அந்த ஆள் காதுலயே ஊதியிருக்கீங்க. இதுக்குப் பேரு நல்ல எண்ணமா?"

"நீங்க உணர்ச்சிவசப்படறீங்க."

"ஆமா. படறேன். நீங்க ஏன் படலைங்கறதுதான் எனக்குப் புரியலை."

அவளைச் சுட்டது அந்த மனிதரின் நிம்மதி. தப்புச் செய்தோம் என்ற நினைப்பே இல்லாமல் டீயை உறிஞ்சிக்கொண்டிருந்தார். 'அந்தம்மாகிட்ட இதைச் சொல்லிப் பெரிசாக்காதீங்க' என்று புத்திமதி வேறு.

சொன்னாள். தையல்காரம்மாவைத் தன் தோழி ஒருத்தியின் அலுவலகத்துக்கு வரவழைத்து, ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். "விஷயம் வெளிய போனது எங்க மையத்துலேர்ந்துதான். எங்க நிர்வாகிதான் சொல்லியிருக்கார். உங்களுக்கு இது தெரியணும்."

தையல்காரம்மா வெடித்தாள்.

"அங்கயும் நம்பித்தான் வாயைத் திறந்தேன். இங்கயும் நம்பித்தான் திறந்தேன். எல்லாரும் ஒரே குட்டையில ஊறினவங்கதான். நீ மட்டும் என்ன பெரிய யோக்கியம்? அந்த ஆள் பக்கத்து அறையில இருக்கான்னு தெரியாமயா உக்காந்திருந்த?"

'மேடம்' போய்விட்டது, 'நீங்க' போய்விட்டது. அக்காவுக்குத் தன் பக்கம் சொல்ல எத்தனையோ இருந்தது, விழுங்கிக்கொண்டாள். நம்பிக்கையான இன்னொரு ஆலோசகரின் முகவரியை மட்டும் கொடுத்தாள். தையல்காரம்மா அதை வாங்காமலே போனாள்.

மறுநாள் அக்கா வேலையை விட்டாள். ஆலோசகர் சங்கத்தில் நிர்வாகி மேல் புகார் கொடுக்கக் கை துறுதுறுத்தது. கொடுக்கவில்லை. கொடுத்தால் தையல்காரம்மாவின் கதையை மறுபடி அவள் சம்மதமில்லாமல் இன்னொரு மேசையில் வைத்தாக வேண்டும். அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியாமல் வீட்டில் வளைய வந்தாள். ஓட்டுநர் வாயே திறக்காமல் பாத்திரம் கழுவினார்.

மழைக்காலம் தொடங்கியபோது, அக்கா அப்போது போய்வந்துகொண்டிருந்த தோழியின் அலுவலகத்துக்குத் தையல்காரம்மாவே தேடி வந்தாள். வந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"உங்க நிர்வாகி மேல புகார் கொடுக்கப் போறேன். நீங்க சாட்சி சொல்வீங்களா?"

"சொல்றேன்."

"உங்க மேல இருக்கற கோபம் இன்னும் போகலை."

"போக வேண்டாம். அது நியாயமான கோபம்தான்."

ஆலோசகர் சங்கத்தின் விசாரணைக் குழு முன் தையல்காரம்மா தடுமாறினாள், பாதியில் நிறுத்தினாள், மறுபடி தொடர்ந்தாள். நிர்வாகி அன்றும் சாந்தமாகத்தான் இருந்தார். மையத்தின் பொறுப்பிலிருந்து அவரை விலக்கினார்கள். அவர் போய்ச் சேர்ந்தது மன்றத்தின் அலுவலகத்தில்.

மன்றத்தின் மேல் போலீஸ் புகாரைத் தையல்காரம்மா பிறகுதான் கொடுத்தாள். எப்போது கொடுப்பது, யாரோடு போவது என்பதை அவளே முடிவு செய்தாள். அக்காவைக் கூப்பிடவில்லை, தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு போனாள். வழக்கு இழுத்துக்கொண்டே போகிறது. 'அப்பா' இன்னும் மேடையில்தான் உட்கார்ந்திருக்கிறார். கூட்டமும் குறையவில்லை.

அக்கா இப்போது ஒரு பல் மருத்துவமனையின் பின்னறையில் ஆலோசனை பார்க்கிறாள். அதே மன்றத்திலிருந்து தப்பி வந்த இன்னும் சிலர் அவளிடம் வருகிறார்கள். ஒவ்வொருவரும் சொல்லி முடித்துப் போன பிறகு, கதவைச் சாத்திவிட்டுச் சற்று நேரம் தனியாக உட்கார்ந்திருப்பாள். கை முஷ்டி இறுகியே இருக்கும். அது தளர்ந்த பிறகுதான் அடுத்தவரை உள்ளே கூப்பிடுவாள்.