யாரும் பாடாத பாட்டு

அம்மா இருபத்தாறு வருடம் ஒரு பெரிய மருத்துவமனையின் விசாரணைக் கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் கண்ணாடி. அதில் கை நுழையும் அளவுக்கு அரைவட்டமாக ஓர் ஓட்டை. அதன் வழியாக நாள் முழுக்கக் கேள்விகள் வரும். எக்ஸ்ரே எங்கே, கழிப்பறை எங்கே, எந்த டாக்டரைப் பார்ப்பது.

கடைசிக் கேள்விக்கு மட்டும் அவள் உடனே பதில் சொல்ல மாட்டாள். எல்லோருக்கும் மூன்றாம் அறை டாக்டர்தான் வேண்டும். அவருடைய வரிசை மாடிப்படி வரை நிற்கும். அம்மா "உங்களுக்கு என்ன செய்யுது?" என்று கேட்டுவிட்டுச் சிலரைப் பதினான்காம் அறைக்கு அனுப்புவாள். அங்கே யாருக்கும் பெயர் தெரியாத ஒரு டாக்டர் ஈ ஓட்டிக்கொண்டிருப்பார்.

"எல்லாரையும் மூணுக்கே அனுப்பறதுக்கு நான் எதுக்கு? செவுத்துல ஒரு அம்புக்குறி போட்டா போதுமே" என்பாள்.

ஒரு நாள் நெஞ்செரிச்சல் என்று வந்தவரைப் பதினான்குக்கு அனுப்பினாள். வந்திருந்தது மாரடைப்பு. டாக்டர் அந்த நேரம் அறையில் இல்லை. நாற்பது நிமிடம் தாமதம். ஆள் பிழைத்துக்கொண்டார். அம்மாவுக்கு மெமோ வந்தது. அதற்குப் பின் ஓய்வு பெறும் வரை எல்லோரையும் மூன்றாம் அறைக்கே அனுப்பினாள். மெமோவை நாலாக மடித்து மூக்குக் கண்ணாடிக் கூட்டில் வைத்திருந்தாள். அவள் சாமான்களை ஒதுக்கும்போதுதான் அதைப் பார்த்தேன்.

போன மாதம் பன்னிரண்டாம் தேதி காலையில் இறந்தாள். மூளையில் ரத்தக்கசிவு.

அக்கா போன் செய்தாள். "சனிக்கிழமை ஆஸ்பத்திரியில அம்மாவோட வேலை பாத்தவங்க ஒரு கூட்டம் வைக்கிறாங்க. அவளுக்குப் பிடிச்ச பாட்டு ஒண்ணு போடணுமாம். எதுன்னு சொல்லு."

"பாத்துச் சொல்றேன்."

"இதுல பாக்க என்ன இருக்கு? ஊருக்கெல்லாம் இந்தப் பாட்டக் கேளு, அந்தப் பாட்டக் கேளுன்னு சொல்றவன் நீ. பெத்தவளுக்கு எது பிடிக்கும்னு தெரியாதா?"

என் வேலை அதுதான். பாட்டுக் கேட்கும் செயலி ஒன்றில் பரிந்துரைப் பிரிவு. ஆட்கள் ஒரு பக்கம் புள்ளிகள், பாட்டுகள் மறு பக்கம் புள்ளிகள். யார் எதைக் கேட்டாரோ அதற்கு ஒரு கோடு. இந்த வலையில் இரண்டு விதமாக நடக்கலாம். நிறையக் கோடுகள் போய்ச் சேரும் பாட்டையே இவருக்கும் கொடுப்பது ஒன்று. பெரும்பாலும் சரியாக இருக்கும். கோடு குறைந்த பாட்டை முன்னால் கொண்டு வருவது மற்றொன்று. இவர் தேடியது அதுவாகவே இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இரண்டுக்கும் நடுவே ஓர் எண், பூஜ்யத்திலிருந்து ஒன்று வரை. பூஜ்யம் என்றால் முழுக்க முதல் வழி, ஒன்று என்றால் முழுக்க இரண்டாவது. அதை 0.1 என்று வைத்தவன் நான்.

சோதனைக்கு எடுத்த கணக்குகளில் அம்மாவுடையதும் ஒன்று. நூறு பாட்டுக் கொடுத்தால் தொண்ணூற்று நாலுக்கு இதயக் குறி போட்டிருந்தாள். "உங்க அம்மா மாதிரி பத்துப் பேர் இருந்தா நமக்கு டெஸ்டே வேணாம்" என்றார் மேலாளர். நானும் சிரித்தேன்.

"அவ ஹார்ட் போட்டது தொண்ணூத்து நாலு இருக்கு, அதுல எதப் போடறது?" என்று அக்காவிடமே கேட்டேன்.

"அவ எங்க கேட்டா? ஹார்ட்ட அமுக்கிட்டு போனக் கவுத்து வெச்சிடுவா. ஏம்மான்னு கேட்டா, 'எஞ்சினியர் செஞ்சது, நல்லால்லன்னு எப்படிச் சொல்றது?'ன்னு சொல்வா."

எஞ்சினியர் என்பது எனக்கு அவள் வைத்த பட்டப்பெயர்.

அவள் கணக்கை ஆரம்பித்துக் கொடுத்தவன் நான். கடவுச்சொல் தெரியும். இதயக் குறிகளை விட்டுவிட்டு, அவள் கையால் தட்டித் தேடியவற்றை மட்டும் எடுத்தேன். இரண்டு வருடத்தில் ஐந்து தேடல்கள்.

பேச்சு இல்லாத பாட்டு.
பாடாம வெறும் வயலின்.
குரல் வேண்டாம்.
யாரும் பாடாத பாட்டு.
ஐந்தாவது வெறுமனே: அமைதி.

வேலையிலிருந்து வந்ததும் டிவியைப் போட்டுச் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்ப்பாள். "என்னம்மா, ஊமைப் படமா?" என்று கேலி செய்திருக்கிறேன். "எங்கிட்ட ஒண்ணும் கேக்காத மூஞ்சியா நாலு பாத்துக்கறேன்டா" என்றாள். அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டேன்.

தேடியது பொருந்தாவிட்டால் எங்கள் செயலி சும்மா இருக்காது. பரிந்துரைப் பட்டியலை எடுத்து நீட்டும். ஐந்து முறையும் அந்த வாரம் ஊரே கேட்ட பாட்டை நீட்டியிருந்தது. ஐந்துக்கும் அம்மா இதயம் போட்டிருந்தாள். அவள் போட்ட ஒவ்வொரு இதயமும் அதே பக்கம் இன்னொரு கோடு. நான் துல்லியம் என்று அளந்தது நானே போட வைத்த கோடுகளைத்தான்.

அவள் கணக்கில் எண்ணை மாற்றி ஓட்டிப் பார்த்தேன். 0.2, 0.3, ஒன்றும் இல்லை. 0.6-இல் ஏழாவது இடத்தில் வந்தது: வயலின், ஒன்பது நிமிடம், கேட்டவர்கள் பதினொரு பேர். பட்டியலை உருட்டக்கூட வேண்டாம், முதல் திரையிலேயே தெரிந்திருக்கும்.

அதே 0.6-இல் மற்றக் கணக்குகளின் துல்லியம் எட்டு சதவீதம் விழுந்தது. அதை மேலாளரிடம் காட்டினால் என்ன நடக்கும் என்று தெரியும். பாட்டுத் தவறினால் யாருக்கும் மாரடைப்பு வராது. இருந்தும் எண்ணை அங்கே வைக்க எனக்குக் கை வரவில்லை. 0.1-க்கே திருப்பினேன். மெமோவை ஏன் எறியாமல் வைத்திருந்தாள் என்று அப்போது புரிந்தது.

சனிக்கிழமை மாலை நாலு மணி. மருத்துவமனையின் கூட்ட அறையில் முப்பது பிளாஸ்டிக் நாற்காலிகள். மருந்துக் கவுன்ட்டரிலிருந்து நாலு பேர், நர்சுகள், பதினான்காம் அறை டாக்டர். நான் போனை ஒலிபெருக்கியில் செருகினேன். வயலின் இரண்டு நிமிடம் போனது.

அக்கா என் பக்கம் சாய்ந்து, "பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?" என்றாள்.

"ஆரம்பிச்சாச்சு."

இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள். "யாருமே பாடலையே. அம்மா இதையெல்லாம் கேட்டாளா என்ன?"

"கேட்டா" என்றேன். "அஞ்சு தடவ கேட்டா. நான்தான் குடுக்கல."