என் காதில் ஓடும் தறியும் பக்கத்து வீட்டுத் தறியும்

உலகம் என்று ஒன்று வெளியே கிடையாது, எல்லாம் நம் மனசுக்குள்தான் இருக்கிறது என்று என் வீட்டுக்காரர் சொல்ல ஆரம்பித்தது அவர் ரிட்டையர் ஆன பிறகு. யாரோ ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு பேசுவதைக் காலையிலிருந்து செல்போனில் கேட்பார். கேட்டுவிட்டு அடுப்படிக்கு வந்து எனக்குப் பாடம் எடுப்பார். "ஏட்டி, இந்தச் செவுரு இருக்கே, இது நெசமா இங்க இல்ல. நீ பாக்கதால இருக்கு" என்பார். நான் மீன் கழுவிக்கொண்டிருப்பேன். "அப்பம் மீனும் உங்க மனசுக்குள்ளதான இருக்கு, அங்கயே பொரிச்சுத் தின்னுக்கோங்க" என்பேன். இரண்டு பேரும் சிரிப்போம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எனக்குக் காதில் தறி ஓடும். கல்யாணமான புதிதிலிருந்து மகளைக் கட்டிக்கொடுக்கும்வரை ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிச் செட்டில் வேலை பார்த்தேன். தறி ஓடும்போது பக்கத்தில் நிற்பவள் கத்தினாலும் கேட்காது. உதட்டைப் பார்த்துத்தான் சண்டையே போடுவோம். வேலையை விட்ட பிறகும் அந்தச் சத்தம் நிற்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு காது டாக்டரிடம் போனோம். "அம்மா, வெளியில சத்தம் எதுவும் இல்ல. நரம்பு கெட்டுப்போனதால உங்க மூளையே அதை உண்டாக்குது. பழகிக்கோங்க" என்றார். நல்ல மனுஷர், உண்மையைத்தான் சொன்னார். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. படித்த டாக்டரே அவர் கட்சியில் சேர்ந்துவிட்டார் அல்லவா. "நான் சொன்னா நம்ப மாட்டியே" என்று பஸ்ஸில் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

அன்றோடு வீட்டில் என் சொல்லுக்கு மதிப்புப் போனது. மோட்டார் ஓடுகிறது, தொட்டி நிறைந்துவிட்டது என்று கத்துவேன். "அது ஒன் காது" என்பார். மாடியிலிருந்து தண்ணீர் கொட்டி முற்றமே குளமான பிறகுதான் எழுந்து போவார். போய் நிறுத்திவிட்டு வந்து ஒரு வார்த்தை, நீ சொன்னது சரி என்று ஒரே ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்.

காதை நம்ப முடியாது என்று ஆன பிறகு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். செட்டில் வேலை பார்த்த எல்லோருக்கும் தெரிந்ததுதான். நிஜத் தறி ஓடினால் சுவர் அதிரும். என் மண்டைக்குள் ஓடும் தறிக்குச் சுவரை அசைக்கிற வலு கிடையாது. சத்தம் கேட்டால் சுவரில் உள்ளங்கையை வைப்பேன். அதிர்ந்தால் அது உலகத்தில் இருக்கிறது. அதிராவிட்டால் அது எனக்குள் இருக்கிறது. இந்த விஷயத்தில் எனக்கு அதற்கு மேல் தத்துவம் தேவைப்படவில்லை.

போன வருஷம் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்தாள். தேவதானத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். பேரன் பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும், காற்று உள்ளே வராத அறை என்று பக்கத்து வீட்டையொட்டிய அறையைக் கொடுத்தோம். சுவரோரம் அவளுக்குக் கட்டில். கட்டிலுக்கு மேலே உத்திரத்துக் கொக்கியில் என் பழைய சேலையில் தொட்டில்.

பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் சர்ச் சபையில் கமிட்டி மெம்பர். என்னை மதினி என்றுதான் கூப்பிடுவார். வீட்டுக்குப் பின்னால் வெகுகாலமாகப் பழைய தறிகள் வைத்திருந்தார். அதைப் பற்றி யாரும் பேசியதில்லை, எங்கள் தெருவில் தறி இல்லாத வீடு குறைச்சல். அவர் புதிதாக வேகமாக ஓடும் மெஷின் இரண்டு வாங்கி, இடமில்லையென்று எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுவான அந்தச் சுவரை ஒட்டி நிறுத்தினார். பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றிவிட்டுத் தொட்டிலில் போடும்போது சுவரில் கை வைத்தேன். அதிர்ந்தது. கொஞ்சநஞ்சமல்ல, விரலிலிருந்து முழங்கைவரை ஏறியது. சுவரோ அந்தக் காலத்து மண் சாந்துச் சுவர், இந்த அதிர்வைத் தாங்காது.

போய்ச் சொன்னேன். "அந்த மெஷின் ஓடவே இல்ல மதினி. ஸ்பேர் வரல, சும்மா நிக்குது. பழைய தறிதான் ஓடுது" என்றார். பச்சைப் பொய். என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுச் சுவரைத் தொடச் சொன்னேன். தொட்டார். "ஒண்ணும் இல்லையேட்டி" என்றார். சுகர் வந்து அவருக்கு விரல் மரத்துப்போய்ப் பல வருஷமாகிறது. சுடுசோற்றில் கை வைத்தாலே அவருக்குத் தெரியாது. அந்த விரலை வைத்துக்கொண்டு என் மூளையைக் குறை சொல்கிறார். மகள் தொட்டுப் பார்த்துவிட்டு, "நம்ம வீடே எப்பமும் அதிரத்தான செய்யும், எனக்கு வித்தியாசம் தெரியலம்மா" என்றாள். தறிச் சத்தத்திலேயே பிறந்து வளர்ந்தவள், அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

விடாமல் சபைக்குப் போய்ச் சொன்னேன். பெரியவர்கள் வந்து பார்க்கிறோம் என்றார்கள். நாளும் நேரமும் குறித்தவர் பக்கத்து வீட்டுக்காரர். மாதம் ஒருநாள் பராமரிப்புக்கென்று கரண்டை நிறுத்துவார்களே, அந்த நாள். எனக்கு அது உறைக்கவில்லை. எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது, மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. பெரியவர்களைக் கண்டதும் எனக்கு நெஞ்சு படபடத்தது. படபடப்பு வந்தால் காதில் தறி இரண்டு மடங்காக ஓடும். "இப்பம் ஓடுதாம்மா?" என்று வாசலில் வைத்துக் கேட்டார்கள். சுவரைப் போய்த் தொட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. இத்தனை நாள் கேட்டுக் கேட்டு வயிறு எரிந்துபோய் இருந்தேன். "ஓடுதே, இந்தா ஓடுதே, கேக்கலையா?" என்றேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் அவர்களைக் கூட்டிப்போய், துணி போர்த்தி அசையாமல் நின்ற மெஷினைக் காட்டினார். திரும்பி வந்த பெரியவர் ஒருவர் என் தலையில் கை வைத்து ஜெபம் பண்ணினார். எனக்கு அந்தக் கையைத் தட்டிவிட வேண்டும்போல இருந்தது.

கரண்ட் வந்தது. சுவர் அதிர்ந்தது. இனி யாரிடம் போய்ச் சொல்ல?

யாரையும் கேட்காமல் தொட்டிலை அவிழ்த்தேன். கட்டிலை இழுத்து நடுவீட்டில் போட்டேன். வீட்டுக்காரர் சத்தம் போட்டார். "பச்ச உடம்புக்காரிய வாரவன் போறவன் பாக்க நடுவீட்டுல போடுதியே, கிறுக்கு முத்திப்போச்சா?" என்றார். "முத்தித்தான் போச்சு. நீங்க வேணும்னா அந்தச் செவுத்தடியில போய்ப் படுங்க, அதுதான் நெசமா இல்லையே" என்றேன். மகள் அழுதாள். அவள் அழுத சத்தத்துக்குப் பிள்ளையும் அழுதான். நான் கட்டிலைத் திரும்பப் போடவில்லை.

மறுவாரம் நல்ல மழை. மழை விட்ட மத்தியானம், நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அந்த அறையில் சுவரின் மேல்பாதி விழுந்தது. தொட்டில் கட்டியிருந்த உத்திரமும் சேர்ந்து வந்தது. புழுதி அடங்கியதும் பார்த்தால், கட்டில் கிடந்த இடத்தில் இடுப்பு உயரத்துக்குச் செங்கல். அந்த ஓட்டை வழியாகப் புது மெஷின் இரண்டும் தெரிந்தன. ஓடிக்கொண்டிருந்த ஒன்றை வேலைக்காரர் அப்போதுதான் ஓடி வந்து நிறுத்தினார். என் வீட்டுக்காரர் அதை நன்றாகப் பார்த்தார். பார்த்துவிட்டு, "மழை" என்றார்.

சரி, இதற்குப் பிறகாவது ஒத்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் போதகர் என்னைச் சாட்சி சொல்ல எழுப்பினார். எழுப்புவதற்கு முன்னால் அவரே எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டார். மற்றவர்களுக்குக் கேட்காத ஒரு சத்தத்தை இந்தச் சகோதரியின் காதில் கர்த்தர் வைத்திருந்தார், அதன் மூலம் ஒரு குழந்தையைக் காப்பாற்றினார் என்றார். ஓடியபோது அதைப் பிரமை என்றார்கள். இடிந்த பிறகு அற்புதம் என்கிறார்கள். இரண்டிலும் தறி இல்லை.

மைக்கை வாங்கினேன். "கர்த்தருக்கு ஸ்தோத்திரம். எனக்கு எந்தக் குரலும் கேக்கல. செவுத்துல கை வச்சேன், அதிந்துச்சு. அந்தப் பக்கம் ரெண்டு மெஷின் ஓடுச்சு. யாரு வேணும்னாலும் வந்து தொட்டுப் பாத்திருக்கலாம். அம்புட்டுத்தான்" என்றேன். மைக்கைத் திருப்பிக் கொடுத்தேன். பிறகு ஒருவர் ஸ்தோத்திரம் என்றார், உடனே சபை முழுக்க ஸ்தோத்திரம் என்றது. எல்லோரையும்விட உரக்கச் சொன்னவர் பக்கத்து வீட்டுக்காரர். சுவரை அவரே பெரிய மனசோடு கட்டிக்கொடுத்தார். கட்டி ஈரம் காய்வதற்குள் மெஷினைப் பழையபடி அதே இடத்தில் நிறுத்தினார்.

மூன்று மாசமாவது மகளை வைத்திருந்து, பிள்ளைக்கு அரைஞாண் போட்டு அனுப்ப வேண்டும் என்று இருந்தேன். அதற்கு முன்னாலேயே மருமகனை வரச்சொல்லிப் பெட்டியைக் கட்டிவிட்டாள். "நீயும் என்னையக் கிறுக்கின்னு நெனச்சுட்டியா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. நீ சொன்னது அம்புட்டும் நெசம். யாரும் நம்பல, நான் நம்புதேன்" என்றாள். பிள்ளையைத் துண்டில் சுற்றிக்கொண்டே சொன்னாள்: "அதான் போறேன். இந்த வீட்டுல புள்ளைய எங்க படுக்கப் போட?"

பெட்டியை நானே தூக்கிக் காரில் வைத்தேன். கார் தெரு முனை திரும்பியதும் வீட்டுக்காரர் என் பக்கத்தில் வந்து நின்றார். ஆறுதல் சொல்கிறாராம். "கண்ண மூடி நெனச்சுக்கோ. புள்ள இங்கதான் இருக்கான்."

நினைத்துத்தான் பார்க்கிறேன். ஓடாத தறியை இத்தனை வருஷமாக இரவும் பகலும் ஓட்டிக்காட்டுகிற இந்த மூளை, பாலுக்கு அவன் அழுகிற சத்தத்தை ஒரு தடவைகூட உண்டாக்கித் தர மாட்டேன் என்கிறது.