மெர்வின் வண்டியில் பேசாத ரேடியோ

ஆற்றங்கரையில் நிறுத்தியிருந்த வண்டியில் மதியச் சாப்பாட்டுத் தட்டுகளை நோலா கழுவிக்கொண்டிருந்த நேரத்தில்தான் செய்தி வந்தது. கொண்டுவந்தவர் பக்கத்துக் கேரவன்காரர் டெஸ். கேரவன் மாட்டிய காரை அணைக்கக்கூட இல்லை. ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கத்தினார்.

"நோலா! காட்டுத் தீ மல முகட்டத் தாண்டிருச்சு. கெளம்பு சீக்கிரம்!"

"எந்தப் பக்கமா போறது டெஸ்?"

"நான் மேட்டு ரோட்டுல போறேன். இப்பத்தான் ரேடியோல கேட்டேன், மேட்டு ரோடு, ஆத்து ரோடு ரெண்டும் தெறந்திருக்காம். ஆனா காத்து திரும்பிக்கிட்டே இருக்கு. நீ கெளம்புறப்ப இன்னொரு தடவ கேட்டுட்டுப் போ." பிறகு அவர்கள் வண்டிக்குள் படுத்திருந்த அவள் கணவரை எட்டிப் பார்த்தார். "டேய் மெர்வ் கிழவா, இன்னிக்கு ஒரு நாளாச்சும் பொண்டாட்டி பேச்சக் கேளு!"

"சரியாயிடும்," என்றார் மெர்வ்.

டெஸ் சிரித்தபடியே கேரவனை இழுத்துக்கொண்டு போய்விட்டார். அந்தச் சிரிப்பு முகத்தில் ஒட்டாமல் இருந்ததை நோலா பார்த்தாள்.

நாற்பது வருடம் கிப்ஸ்லாந்தில் பால் லாரி ஓட்டியவர் மெர்வ். ஓய்வு பெற்றதும் வீட்டை விற்று, படுக்கையும் அடுப்பும் உள்ள இந்தப் பழைய வண்டியை வாங்கினார். அதிலேயே இருவரும் நாட்டைச் சுற்றினார்கள். போன குளிர்காலத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போனது. ஆயுசு முழுக்க எதற்கெடுத்தாலும் சொல்லிக்கொண்டிருந்த ஒரே ஒரு வார்த்தை மட்டும் மிஞ்சியது. பசித்தாலும் அதுதான், வலித்தாலும் அதுதான், அழுதாலும் அதுதான்: சரியாயிடும்.

மகள் தன்னோடு மெல்போர்னுக்கு வந்துவிடும்படி சொன்னாள். இந்தக் கோடை மட்டும் ஆற்றங்கரையில் இருந்துவிட்டு வருகிறோம் என்று நோலாதான் பிடிவாதம் பிடித்தாள். அவரைத் தூக்கி உட்காரவைத்து இடுப்புப் பட்டையை மாட்டும்போது அந்தப் பிடிவாதம்தான் அவள் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது.

சூரியன் செம்பு நிறத்தில் தொங்கியது. கருகிய யூக்கலிப்டஸ் இலைகள் கண்ணாடியில் வந்து ஒட்டின. பறவைச் சத்தமே இல்லை. கைப்பேசி கோபுரம் காலையிலேயே செத்துவிட்டது.

ரேடியோவின் பொத்தானை அழுத்தினாள். ஒன்றும் இல்லை. சாவியைத் திருப்பினாள். இன்ஜின் விளக்குகள் எரிந்தன. ரேடியோ இருட்டாகவே இருந்தது. மெர்வ் நோயில் விழுந்த பிறகு அவள் அதைத் தொட்டதே இல்லை. கிரிக்கெட் வர்ணனை கேட்டால் அவர் கண் கலங்கும்.

சாவியைத் திருப்பிப் பயனில்லை என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. இன்ஜின் ஓடாதபோதும் மேட்ச் கேட்க வேண்டும் என்று இந்த மாதிரி வண்டிக்காரர்கள் எல்லோரும் செய்வதைத்தான் மெர்வும் செய்திருந்தார். ரேடியோவை இன்ஜின் பேட்டரியில் மாட்டாமல், விளக்குக்கும் பம்புக்குமாகப் பின்னால் இருக்கும் வீட்டு பேட்டரியில் மாட்டியிருந்தார். அதன் ஃப்யூஸ் பெட்டி மேஜை பெஞ்சுக்கு அடியில் இருந்தது. அவள் மண்டியிட்டு மூடியைத் திறந்தாள். சிவப்பு, நீலம், மஞ்சள் என்று சின்னச் சின்ன ஃப்யூஸ்கள். சில இடங்கள் காலி. அவை எப்போதுமே காலியா, எதற்கானவை என்று அவளுக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொன்றாக உருவி வெளிச்சத்தில் பார்த்தாள். எதுவும் கருகவில்லை.

"அப்ப ரேடியோவே போச்சா மெர்வ்? சொல்லுங்களேன். எந்த ரோட்டுல போறது நான்?"

மெர்வின் இடது கை எழுந்தது. தொட்டியின் மேலிருந்த தண்ணீர்க் குழாயைக் காட்டியது.

அவள் ஓடிப்போய் ஒரு கோப்பைத் தண்ணீர் பிடித்து வாயருகே வைத்தாள். அவர் தட்டிவிட்டார். கோப்பை உருண்டது.

"சரியாயிடும்!" என்று கத்தினார். மறுபடி குழாயைக் காட்டினார்.

"தாகம்னு நெனச்சேன். வேற என்ன வேணும் உங்களுக்கு? இப்ப என்னப் படுத்தாதீங்க!"

தூரத்தில் எதுவோ உறுமியது. ரயில் வருவது போல இருந்தது. அந்தக் காட்டில் ரயில் கிடையாது.

மெர்வ் அழுதார். கை மட்டும் இறங்கவில்லை. நோலா குழாயையே பார்த்தாள். மூட மறந்திருந்தாள், தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, அடியில் பம்பு முனகிக்கொண்டிருந்தது. குளிர்காலத்தில் அந்தப் பம்பு ஒரு நாள் நின்றுபோனது. 'டவுனுக்குப் போறப்ப ஃப்யூஸ் ஒண்ணு வாங்கணும்' என்றார் மெர்வ். ஆனால் கெட்டில் கொதிப்பதற்குள் தண்ணீர் வந்துவிட்டது. கடைக்குப் போகாமலேயே. இங்கிருந்து பிடுங்கி அங்கே சொருகுவது அவருக்குக் கைவந்த கலை. மறுநாள் காலையில் அவர் விழுந்துவிட்டார்.

"அட பாவி மனுஷா," என்றாள். "ரேடியோவோடத எடுத்துத் தண்ணிக்குப் போட்டீங்களா?"

அவர் தலையை ஆட்டிய வேகத்தில் கண்ணாடி மூக்கிலிருந்து நழுவியது.

குழாயைத் திறந்தபடியே விட்டுவிட்டு ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாக உருவினாள். ஒரு சிவப்பை உருவியதும் முனகல் நின்றது. அதைக் காலி இடங்களில் சொருகிப் பார்த்தாள். அவசரத்தில் இரண்டு முறை கீழே விழுந்தது. மூன்றாவது இடத்தில் முன்பக்கம் பச்சை விளக்கு எரிந்தது. ஒரு பெண்குரல், மிக நிதானமாக, ஊர்ப் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தது. மேட்டுச் சாலை மூடப்பட்டது. ஆற்றோரத்தில் இருப்பவர்கள் உடனே முகத்துவாரக் கடற்கரைக்குப் போக வேண்டும். மேட்டுச் சாலையில் யாரும் போக வேண்டாம்.

டெஸ் போன சாலை அது.

நோலா ஆற்றோரச் சாலையில் தெற்கே, கடல் பக்கம் திருப்பினாள். புகையில் முன்விளக்கு வெளிச்சம் பத்தடிகூடப் போகவில்லை. ஒரு கங்காரு அவர்களோடு கூடவே ஓடிவந்தது. அந்தக் குரல் திரும்பத் திரும்ப அதே பெயர்களை வாசித்தது. ஒவ்வொரு வளைவிலும் மெர்வ் அவளைப் பார்த்துத் தன் ஒரே வார்த்தையைச் சொன்னார். கடல் தெரியும்வரை அவள் அதை நம்பவில்லை.

இருட்டும் நேரத்தில் டெஸ் மணலில் நடந்து வந்தார். கேரவனைக் கழற்றி மேட்டுச் சாலையிலேயே விட்டுவிட்டுக் காரைத் திருப்பியிருந்தார். புருவம் பொசுங்கியிருந்தது.

"மெர்வ், ஒரு பீர் இருக்காடா?" என்றார். வண்டிப் படியில் உட்கார்ந்தார்.

மெர்வ் மே மாதத்தில் இறந்தார், மகள் வீட்டில், தூக்கத்தில். வண்டி அந்த வீட்டு வாசலில் நிற்கிறது. நோலா சில மத்தியானங்களில் அதில் போய் உட்கார்ந்து மேட்ச் கேட்கிறாள். டீ போட வீட்டுக்குள்ளிருந்து கெட்டிலில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போகிறாள். பம்புக்கு ஃப்யூஸ் இன்னும் வாங்கவில்லை.