ஜோனாகி என்றால் மின்மினி

பிறக்கப்போகும் குழந்தைக்காக மகள் காலையிலிருந்து இணையத்தில் பெயர் தேடுகிறாள். அரபி, கிரேக்கம், ஜப்பான் என்று எங்கெங்கோ போய்விட்டாள். எனக்கோ, எண்பதுகளில் ஸ்ரீவில்லிபுத்தூரில் அவளுக்குப் பெயர் வைத்த நாளை நினைத்துச் சிரிப்பு தாங்கவில்லை.

என் கணவர் அப்போது பட்டாளத்தில், அஸ்ஸாமில் இருந்தார். மகள் பிறந்த தந்தி கிடைத்த சாயங்காலம் முகாமைச் சுற்றி ஒரே மின்மினிகளாம். அந்த ஊர் நண்பர் ஒருவர் அவற்றை ‘ஜோனாகி’ என்றிருக்கிறார். அந்தப் பெயரோடுதான் இவர் லீவில் வந்தார்.

மாமனாருக்குச் சாமி பெயர்தான் வேண்டும்.

“ஏலே, வாயில நொழையாத பேரு எதையாச்சும் கொண்டாந்துறாத” என்றார்.

இவர் தயங்கித் தயங்கி, “ஜோனாகிப்பா” என்றார்.

“ஜானகியா! சீதாப்பிராட்டி பேருலா! இம்புட்டு நல்ல பேர ஏன்லே இத்தன நாளு சொல்லாம இருந்தே?”

“அது இல்லப்பா, அஸ்ஸாம்ல...” என்று இவர் ஆரம்பிக்க, “செத்த சும்மா இருங்க” என்று இவர் கையைக் கிள்ளினேன்.

பிள்ளையின் காதில் அவள் அப்பா மூன்று முறை ஜோனாகி என்றார். தாத்தா மூன்று முறை ஜானகி என்றார். பிள்ளை இருவரையும் பார்த்துச் சிரித்தது.

கடைசிவரை மாமனாருக்குச் சீதை, அவள் அப்பாவுக்கு மின்மினி. இருவருமே ஜெயித்ததாக நினைத்துக்கொண்டார்கள்.

உங்கள் வீட்டுப் பெயர்ச் சண்டையில் ஜெயித்தது யார்?