கண்பட்ட படம்

அக்கா பாகூரில் புதுவீடு கட்டிக்கொண்டிருந்தாள். கூடத்தில் மாட்டிக்கொள்ளட்டும் என்று, நான் வரைந்ததிலேயே பெரிய படத்தை முன்கூட்டியே அவளிடம் கொடுத்து வைத்தேன். நான் அரூப ஓவியன். என் படங்களில் மரம், மாடு, மனுஷன் எதுவும் இருக்காது. அந்தப் படத்தில் கறுப்புக்கு நடுவே ஒரு சிவப்பு, ஓரிடத்தில் நிற்காமல் விளிம்பு வரை கசிந்து போகும். அவ்வளவுதான்.

ஊரில் இதையெல்லாம் யாரும் நின்று பார்ப்பதில்லை. "இன்னாபா இது?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக்கூடக் காத்திராமல் போய்விடுவார்கள். ஒருவராவது நின்று பார்க்கமாட்டாரா என்று நான் ஏங்கியது எனக்குத்தான் தெரியும்.

போன மாதம் நகரத்தில் ஒரு கண்காட்சிக்கு அதே படத்தைக் கேட்டார்கள். திரும்ப வாங்கி வரலாம் என்று எங்கள் ஊர் குருவிநத்தத்திலிருந்து வண்டியை எடுத்தேன். போய்ப் பார்த்தால், படம் மாடிச் சாரத்தில் ரோட்டைப் பார்த்தபடி கட்டித் தொங்குகிறது. வைக்கோல் பொம்மை தொங்க வேண்டிய இடம். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"திருஷ்டிக்கு என் படந்தான் கெடச்சுதா?"

"கோச்சிக்காதடா. பொம்மைய எவனும் திரும்பிக்கூடப் பாக்கல. இத பஸ்ல போறவன்கூட எட்டிப் பாக்கறான். ஒருத்தன் கண்ணும் வூட்டு மேல படல."

அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஸ்கூட்டியில் வந்த ஒரு பெண் நிறுத்தி, காலை ஊன்றிக்கொண்டு படத்தையே பார்த்தாள். வீட்டின் பக்கம் அவள் கண் போகவே இல்லை. அக்காவைத் திட்டுவதா, அந்தப் பெண்ணைக் கையெடுத்துக் கும்பிடுவதா என்று எனக்குப் புரியவில்லை.

"சரி, அவுத்துக் குடு. கண்காட்சிக்கு வேணும்" என்றேன்.

அக்கா பதறிப்போனாள். "வேல முடிஞ்சதும் எரிக்கணும்டா. ஊரு கண்ணு பூரா அதுமேல எறங்கியிருக்குது. எந்த வூட்டுக்குள்ளயும் போவக் கூடாது."

நாலு பேர் கண் படவேண்டும் என்றுதான் வரைந்தேன். பட்டதாலேயே எரிக்க வேண்டும் என்கிறாள். இதில் எனக்கு வந்தது சந்தோஷமா, ஆத்திரமா? ஒன்றும் விளங்காமல், மூடநம்பிக்கை, அது இது என்று கத்திவிட்டு, நானே சாரத்தில் ஏறி அவிழ்த்தேன். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

படத்தைத் துணியில் சுற்றி, வண்டியின் பின்னால் கட்டி, மெதுவாக ஓட்டி வந்தேன். வீட்டுக்கு வரும்போது தூறல் போட்டது. பிரசவத்துக்கு வந்திருந்த மகள் உள்ளே அவள் அம்மாவோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். படத்தைத் தூக்கிக்கொண்டு படியேறினேன். எனக்கு இதிலெல்லாம் துளியும் நம்பிக்கை கிடையாது. ஆனால் வாசற்படியைத் தாண்டக் கால் எழவில்லை.

மழை வலுத்தது.

"ஏம்பா நனையற? உள்ள வாப்பா" என்று மகள் கூப்பிட்டாள்.

"தோ வரேம்மா" என்றேன். படத்தை நெஞ்சோடு அணைத்தபடி அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.